கலர் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோன நாள்

திருச்சி தில்லை நகரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஒரு விஷயத்தில் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப்போகிறேன், இன்னொரு விஷயத்தில் திட்டப்போகிறேன். அங்கே ஸ்கேன் எடுக்க ஆனது இரண்டு நொடி. அந்த ஸ்கேனைக் கலரில் ஒரு தாளில் வாங்க நான் அலைந்தது ஒன்றே முக்கால் மணி நேரம்.

கதை நான் இருக்கும் லண்டன் க்ராய்டனில் தொடங்குகிறது. பிப்ரவரியில் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். பத்து பவுண்டு கூடக் கொடுத்தால், விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்றார்கள். சரி என்றேன். அதுவரை எனக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்த பையனே வந்து, தாடையை இங்கே வை, பச்சைப் புள்ளியைப் பார் என்று சொல்லி எடுத்தான். திரையில் என் இடது கண்ணின் வட்டப்படம் வந்தது. கீழ்ப் பாதியில் பளிச்சென்று சிவப்பு. பையன் முகம் மாறியது. உள்ளேயிருந்து கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் வந்தார், கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பை அரிக்கும் நோய், சந்தேகம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டார். மூன்று வாரம் கழித்து, அங்கத்திய அரசு மருத்துவத் துறையான என்.ஹெச்.எஸ்.ஸிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு தேதி.

அப்பாவுக்கு இதே நோய்தான், வீட்டில் கண் பிரஷர் என்போம். ராத்திரி எட்டு மணிச் செய்தி முடிந்ததும் அம்மா சொட்டு மருந்து விடுவாள், அவர் அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். அப்படியும் கடைசி நாலு வருஷம், இடது பக்கம் யார் வந்து நின்றாலும் அவருக்குத் தெரியாது. தட்டில் இடது ஓரத்தில் வைத்த பொரியல் அப்படியே இருக்கும். அந்தச் சிவப்பை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு ஆகஸ்டு வரை தூங்கு என்றால் எப்படித் தூங்குவது? ஏப்ரலில் திருச்சிக்கு டிக்கெட் ஏற்கெனவே போட்டிருந்தது. அம்மாவுக்கும் சர்க்கரைக்காக வருஷா வருஷம் கண் பார்க்க வேண்டும். இரண்டு பேருமாகக் கிளம்பினோம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ், அப்புறம் ஆட்டோ. அம்மா மஞ்சப்பையில் 2009-லிருந்து எல்லாச் சீட்டையும் கொண்டுவந்திருந்தாள். டோக்கன், எழுத்துப் பலகை, சொட்டு மருந்து விட்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார வைப்பது, பக்கத்து மாமியிடம் 'உங்களுக்கு எத்தனாவது சொட்டு?' என்று கேட்பது, எல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இருந்த மாதிரியே இருக்கிறது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததுமே பாதிப் பயம் போய்விட்டது. க்ராய்டனில் இப்படி ஒரு மாமி கிடைக்கமாட்டாள்.

ஸ்கேன் அறையில் இருபத்திரண்டு வயசு இருக்கும் ஒரு பெண். மதுரையில் 1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக் கண் பரிசோதனை வேலைக்குப் பழக்கியது பலருக்கும் தெரியும். நான் போனது அந்த ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் இந்தப் பெண்ணும் ஏதோ அந்த மாதிரிப் பயிற்சியில் வந்தவள் என்றுதான் தோன்றியது. க்ராய்டன் படத்தை போனில் காட்டினேன். நான் பயந்த சிவப்பை அவள் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலையில், படம் எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன எண்ணைத் தொட்டாள்.

"சார், சிக்னல் அஞ்சுதான் வந்திருக்கு. பத்துக்கு ஆறாவது இருந்தாத்தான் நாங்க ஒத்துக்குவோம். அப்புறம் இங்க பாருங்க, குறுக்கால கறுப்பா ஒரு பட்டை. கண்ணைச் சிமிட்டியிருக்கீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, பாவை விரிந்த கண்ணோடு எதுவும் தெரியாமலே சொன்னாள்: "ஆறாங்கிளாஸ் குரூப் போட்டோவுலயும் இவன் கண்ணு மூடித்தான் இருக்கும்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எட்டு வாரம் தூக்கம் கெட்டது ஒரு சிமிட்டலுக்காகவா?

இந்த மெஷின் என்ன செய்கிறது என்று அந்த எட்டு வாரத்தில் தேடித் தேடிப் படித்திருந்தேன். வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துப் படம் போடுகிறது. இது அதையே ஒளியை வைத்துச் செய்கிறது. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கடிகாரம் வைத்து அளக்க முடியாது. அதனால் ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஒரு கண்ணாடிமேலும் அனுப்பி, திரும்பி வருகிற இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவிட்டு ஆழத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபுஜிமோட்டோ குழுவினர் 1991-ல் இதை வெளியிட்டார்கள். விழித்திரையே சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன்தான். அதைப் பரோட்டாவைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி அடுக்கடுக்காகக் காட்டிவிடுகிறது. கிளாக்கோமாவுக்குப் பார்ப்பது, பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழை அடுக்கை. ஒரு தலைமுடித் தடிமன் இருக்கும். அது மெலிகிறதா என்பதுதான் கேள்வி.

இவ்வளவும் படித்தேனே, மூலையில் இருந்த அந்த அஞ்சைக் கவனிக்கவில்லை.

"பவர் என்ன சார்?"

"மைனஸ் ஏழு."

"அதான். நீளக் கண்ணு. நரம்பு கொஞ்சம் காதுப் பக்கமா ஒதுங்கியிருக்கும். மெஷின் எதிர்பார்க்கற இடத்துல இல்லாட்டி அதுபாட்டுக்குச் சிவப்பு போட்டுடும். மிச்சத்தை டாக்டர் சொல்லுவாங்க."

மெஷினுக்குள் சில நூறு ஆரோக்கியமான ஆட்களின் கண் அளவுகளைச் சேமித்து வைத்திருப்பார்கள். நம் வயசுக்காரர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்றால் சிவப்பு, நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் என்றால் மஞ்சள், அதற்கு மேலே பச்சை. சிவப்பு என்றால் இந்தக் கணக்கில் நீ ஒட்டவில்லை என்று மட்டுமே அர்த்தம். இதை க்ராய்டனில் ஒருவரும் சொல்லவில்லை.

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. என் கண் வறண்டிருக்கிறது என்று சொல்லி, கண்ணீர் மாதிரியான ஒரு சொட்டு விட்டாள். "அஞ்சு தடவை நல்லா சிமிட்டுங்க. இன்னும் ஒரு தடவை. இப்ப பெருசா திறங்க, திறந்தே வச்சிருங்க, வச்சிருங்க, வச்சிருங்க, முடிஞ்சுது." ஒரு கையால் என் நெற்றியை மெஷினின் பட்டையோடு சேர்த்து லேசாக அழுத்திப் பிடித்திருந்தாள், குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது பிடிப்பார்களே அந்த மாதிரி. சிக்னல் எட்டு. முதல் படம் கொஞ்சம் ஓரமாக வந்திருக்கிறது என்று தானாகவே இன்னொன்று எடுத்தாள். கீழ்ப் பாதி முழுக்கப் பச்சை. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு மஞ்சள்.

டாக்டர், பிரஷர் பதினாறு, பொத்தானை அமுக்கும் பார்வைப் பரப்பு டெஸ்ட், அம்மாவின் விழித்திரைப் போட்டோ எல்லாம் ஒழுங்காக நடந்தன, எழுத ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருந்ததால் வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இனி திட்டு.

ஆகஸ்டில் க்ராய்டனில் காட்ட எனக்கு அந்த ஸ்கேன் வேண்டும். கவுண்டரில் கொடுத்த தாள் கறுப்பு வெள்ளை. கலர் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதாம். முழு அர்த்தமும் சிவப்பிலும் பச்சையிலும் இருக்கிற ஒரு ரிப்போர்ட்டை எடுத்துச் சாம்பலில் அடித்துக் கொடுக்கிறார்கள்! அப்பளத்தைத் தண்ணீரில் போட்டுக் கொடுத்த மாதிரி. வட்டம் முழுக்க ஒரே சாம்பல், எது நல்லது எது கெட்டது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"நம்பர் எல்லாம் தெளிவா இருக்கே சார்" என்றார் கவுண்டர்காரர்.

"கலர் எப்ப வரும்?"

"நாளைக்கு."

"பென் டிரைவ்ல போட்டுத் தாங்களேன்."

"வைரஸ் வந்துரும் சார்."

"மெயில்?"

"சிஸ்டம் மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு."

சிஸ்டம் மேனேஜர் வந்தார், மானேஜரைக் கேட்க வேண்டும் என்றார். மானேஜர் வந்தார், சிஸ்டம் மேனேஜரைப் பாருங்கள் என்றார். லட்சக்கணக்கில் விலை கொடுத்து மெஷின் வாங்கத் தெரிகிறது, ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கி வைக்கத் தெரியவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். மாமிகள் எல்லாரும் கண்ணை மூடியபடியே என் பக்கம் திரும்பினார்கள். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நியாயமாகச் சொன்னால் க்ராய்டனிலும் எனக்கு யாரும் ஃபைல் தரவில்லை, திரையைத்தான் போனில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அங்கே நான் சத்தம் போடவில்லை. ஊருக்கு வந்தால்தான் எனக்கு இந்த வீரமெல்லாம் வருகிறது.

கடைசியில் அந்தப் பெண்தான் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, சாப்பாட்டுக்குப் போகுமுன் திரையில் என் படத்தைத் திறந்து வைத்து, "எடுத்துக்குங்க சார், சிக்னல் நம்பரும் தெரியற மாதிரி எடுங்க" என்றாள்.

எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. வாட்ஸப்பில் அனுப்பினேன், பக்கம் இருபது ரூபாய், அரை நிமிஷத்தில் பளபளவென்று கலரில் வந்து விழுந்தது. பச்சை பச்சையாக. கடைக்காரர் தாளைத் தூக்கிப் பிடித்து, "கண்ணா சார் இது? லேமினேஷன் போட்டுரட்டுமா?" என்றார்.

"போட்டுருப்பா" என்றாள் அம்மா, மஞ்சப்பையைத் திறந்து பிடித்துக்கொண்டு.