ரோலண்ட் எஃப்பி-10, யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110: வீட்டுப் பயிற்சிக்கு எது?

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சுவருக்கு அந்தப் புறம் விசைத்தறிக் கூடம். மகள் இரண்டு ஆண்டுகளாக 61 கட்டைகள் கொண்ட சாதாரண கீபோர்டில் வாசித்து வந்தாள். வாரம் ஒரு முறை கோவையில் ஆசிரியர் வீட்டுப் பியானோவில் அமரும்போது, வீட்டில் தடையின்றி ஓடிய விரல்கள் அங்கே தடுமாறின. மோதிர விரலும் சுண்டு விரலும் எழுப்பிய சுரங்கள் காதில் விழவே இல்லை. "புள்ளைக்கு விரல்ல கோளாறு ஒண்ணுமில்லீங்க, வீட்டுல இருக்கற கட்டைக்கு எடையில்லீங்க" என்றார் ஆசிரியர். அதன் பிறகுதான் எடையுள்ள கட்டைகள் கொண்ட இந்த மூன்று மின்னணுப் பியானோக்களையும் மாறி மாறி வாசிக்க வைத்துப் பார்த்தோம்.

எடை ஏன் தேவை என்பதை ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஆர்மோனியத்தில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் அளவு மாறாது; அதைத் தீர்மானிப்பது துருத்தி. 1700ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் பர்த்தலோமியோ கிறிஸ்தோஃபொரி உருவாக்கிய பியானோவிலோ, கட்டையை அழுத்தும் வேகம் ஒரு சுத்தியலுக்குப் போய், அந்தச் சுத்தியல் கம்பியில் மோதுகிறது. மெல்லவும் உரக்கவும் ஒலிப்பது விரலின் வேலையாகிறது. மந்திர ஸ்தாயிக்குரிய சுத்தியல்கள் பெரியவை, தார ஸ்தாயிக்குரியவை சிறியவை என்பதால், இடப்பக்கக் கட்டைகள் கனமாகவும் வலப்பக்கக் கட்டைகள் இலகுவாகவும் இருக்கும். நாம் பார்க்கும் மூன்று கருவிகளிலும் 88 கட்டைகளும் இந்தப் படிநிலை எடையும் உண்டு. கம்பி மட்டும் இல்லை. கட்டை கீழிறங்கும் வழியில் உள்ள உணரிகள், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு அது வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, அதற்கேற்ற ஒலியை எழுப்புகின்றன.

வேறுபாடு தொடங்குவதும் அங்கேதான். ரோலண்ட் எஃப்பி-10இல் உள்ள பிஎச்ஏ-4 என்னும் கட்டை அமைப்பில் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று உணரிகள் இருக்கின்றன. ஒரே சுரத்தை அடுத்தடுத்து விரைவாக அடிக்கும்போது கட்டை முழுவதும் மேலே வரும்வரை காத்திருக்காமலேயே அடுத்த அடியை அது ஏற்றுக்கொள்கிறது. கட்டையை மிக மெதுவாக அழுத்தினால், முடிவுக்குச் சற்று முன்பு ஒரு சிறு தடை தட்டுப்படும். நிஜப் பியானோவில் சுத்தியல் விடுபடும் கணத்தை உணர்த்துவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய ஒலியைக் கட்டுப்படுத்தும் பயிற்சிக்கு மூன்றிலும் சிறந்தது இதுவே என்பது என் உறுதியான முடிவு. முதல் வாரம் மகளின் முன்கை வலித்தது. ஒரு மாதத்தில் ஆசிரியர் வீட்டிலும் சுண்டு விரல் பேசியது.

யமஹா பி-145, 2023இல் பி-45க்கு அடுத்து வந்தது. முன்னதைவிடச் சிறிய உடலுக்காகவே ஜிஎச்சி என்னும் புதிய கட்டை அமைப்பு இதில் வந்திருக்கிறது. தொடுகை இலகுவானது, பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த இலகுவே உதவியாகலாம். ஒலி தெளிவாக, பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு நிஜப் பியானோவுக்குத் தயாராவதே நோக்கமென்றால் ரோலண்டைத் தாண்டி இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கேசியோ சிடிபி-எஸ்110 மூன்றிலும் ஒல்லியானது: முன்பின் ஆழம் 232 மில்லிமீட்டர், எடை பத்தரை கிலோ. (யமஹா 268 மில்லிமீட்டர், ரோலண்ட் 258.) கட்டில், பீரோ, தையல் இயந்திரம் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீட்டுக்கு இந்தச் சில விரற்கடையே பெரிய இடம். அதற்கு ஒரு விலையும் உண்டு. உடல் ஒடுங்கும்போது கட்டையின் சுழல்புள்ளி விரலுக்கு அருகே வந்துவிடுவதால், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே வெள்ளைக் கட்டையை உள்தள்ளி அழுத்தும்போது கூடுதல் விசை வேண்டியிருக்கிறது. கடையில் இதைச் சோதிக்க மறக்கக் கூடாது: ஒரே வெள்ளைக் கட்டையை முனையிலும் உள்ளேயும் மாற்றி மாற்றி, மிக மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும்.

கேசியோவுக்கு மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. சிறிய பேட்டரிகள் ஆறு போட்டால் மின்சாரம் இல்லாமலும் வாசிக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில், இன்வெர்ட்டர் இல்லாத தோட்டத்து வீட்டுக்கு இது பெரிய காரியம். அப்படிப்பட்ட வீட்டுக்கும், தேவாலயத்துக்கோ பள்ளி விழாவுக்கோ கருவியைத் தூக்கிச் செல்வோருக்கும் நான் தயங்காமல் கேசியோவைச் சொல்வேன்.

ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை ரோலண்டில் 96, மற்ற இரண்டிலும் 64. தொடக்க நிலைப் பாடங்களுக்கு 64 போதும். விரலை எடுத்த பின்பும் சுரத்தை ஒலிக்கவிடும் மிதியை அழுத்தியபடி நீண்ட கோவைகளை வாசிக்கும் நிலைக்கு வரும்போதுதான் வேறுபாடு கேட்கும். ஒலிபெருக்கிகளின் திறனில் கேசியோ 8 வாட் இரண்டு, யமஹா 7 வாட் இரண்டு, ரோலண்ட் 6 வாட் இரண்டு. தறி ஓடும் பகலில் மூன்றுமே தோற்றுவிடும் என்பதால் எங்கள் வீட்டில் ஹெட்ஃபோன்தான் கதி. ஒவ்வொன்றிலும் ஹெட்ஃபோனுக்கு ஒரே துளைதான் என்பதால், பெற்றோரும் கூடக் கேட்க வேண்டுமானால் பிரிப்பான் வாங்க வேண்டும். ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டைகள் அடிமட்டத்தில் மோதும் தொம் தொம் ஓசை தரை வழியே இறங்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட வேண்டும்.

பஞ்சுத் தூசிக்கு மூன்றும் ஒன்றே. திருப்பூர், சோமனூர்ப் பக்கத்து வீடுகளில் வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூடிவிடுவது நல்லது. நிஜப் பியானோவைப் போல ஆண்டுதோறும் சுருதி சேர்க்க ஆள் தேட வேண்டியதில்லை என்ற நிம்மதி இருக்கிறது.

பெட்டியோடு வரும் மிதி எதிலுமே எடையற்ற சிறு பொருள்தான். மொசைக் தரையில் நழுவிக்கொண்டே போகும். ரோலண்டுக்கு டிபி-10, யமஹாவுக்கு எஃப்சி3ஏ ஆகிய மிதிகளைத் தனியே வாங்கினால் மிதியைப் பாதி மட்டும் அழுத்தி ஒலியைச் சற்றே நீட்டவும் முடியும். கத்தரிக்கோல் வடிவ ஸ்டாண்டை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். எடைக்கட்டைகளை அழுத்தும்போது அது ஆடும். நாங்கள் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் சதுரக் குழாயில் நான்கு கால் சட்டம் அடித்து வாங்கினோம். வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 73 சென்டிமீட்டர் உயரத்தில் வர வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் சொன்னபோது, கருவியின் தடிமனையும் கழிக்க வேண்டும் என்பதை நினைவூட்டியவர் அவர்தான். எஃப்பி-10ஐ வண்டியில் எடுத்துப் போய், அங்கேயே சட்டத்தின் மேல் வைத்து, மகளை உட்காரச் சொல்லி, முழங்கை கட்டைக்கு நேராக வருகிறதா என்று பார்த்த பிறகே கால்களை வெட்டினார்.