கிரேட் ஓஷன் ரோடு: இருவராகப் போக மூன்று இரவு வேண்டும்

கிரேட் ஓஷன் ரோடு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கடலையொட்டி ஓடும் சாலை. மெல்பர்னிலிருந்து விடியலில் கிளம்பி, கடலில் நிற்கும் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' பாறைகள் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, ராத்திரியே வீடு திரும்பும் பயணம்தான் இங்கே அதிகம் விற்கிறது. அப்படிப் போனால் இந்தச் சாலைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தர முடியும். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் வண்டிக்குள்ளேயே போய்விடும். ஒயினுக்கும் சாப்பாட்டுக்கும் இடமே இருக்காது. கணவன் மனைவியாக மூன்று இரவு தங்கிப் போனால் அதே சாலைக்கு நாலரை.

முதலில் ஒயின் கணக்கு. விக்டோரியாவில் முழு ஓட்டுநர் உரிமம் உள்ளவருக்கு இரத்த ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம். ஒயின் தோட்டத்தில் சுவைக்க ஒரு முறை ஊற்றுவது சுமார் 30 மி.லி. ஐந்து வகை குடித்தால் 150 மி.லி., அதாவது 10 கிராம் ஆல்கஹால் என்ற ஆஸ்திரேலிய அளவில் ஒன்றரை 'டிரிங்க்'. இரண்டு தோட்டம் போனால் மூன்று ஆகிவிடும். ஒல்லியான உடம்புக்கு வரம்பு தாண்ட அது போதும். போலீஸ் எந்த வளைவிலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். யார் ஓட்டுவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். ஓட்டுபவரும் சுவைக்கலாம், விழுங்காமல். துப்புவதற்கென்று மேசையில் கிண்ணம் இருக்கும். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

வளைந்து நெளியும் கடலோரப் பகுதியில் தோட்டங்கள் குறைவு. அதனால் ஒயினை முதல் நாளிலேயே, ஜீலாங்குக்குக் கிழக்கே உள்ள பெல்லரின் தீபகற்பத்தில் முடித்துவிடுங்கள். குளிர்ந்த கடற்காற்றில் பினோ நுவார், ஷார்டனே திராட்சை வகைகள் இங்கே நன்றாக வருகின்றன. ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின்கூடத் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதி ஒயினின் கனம் இல்லாமல் மிளகு வாசத்தோடு இருக்கும். 1870களில் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி தாக்கியபோது ஜீலாங் பகுதிக் கொடிகளை அரசே பிடுங்கச் சொன்னது. தோட்டங்கள் மீண்டும் எழ ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனது. ஸ்காட்ச்மன்ஸ் ஹில் தோட்டம் 1982இல் நட்டது. சுவைக்கும் கட்டணத்தைப் பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். நாளுக்கு இரண்டு தோட்டம் போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துப்போகும். நடுவே போர்ட்டார்லிங்டனில் மஸ்ஸல் சிப்பி சாப்பிடுங்கள், எதிரே தெரியும் விரிகுடாவிலேயே வளர்த்தது. இரவு அங்கேயே தங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள்தான் உண்மையான சாலை. டோர்கீயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கி.மீ. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்கள் 1919 முதல் 1932 வரை கோடாரி, கடப்பாரை, மண்வெட்டி கொண்டு வெட்டியது. இறந்த தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் இந்தச் சாலையேதான். ஈஸ்டர்ன் வியூவில் உள்ள மர நினைவு வளைவைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கிலிருந்து மேற்காகத்தான் ஓட்ட வேண்டும். நம்மூர் போலவே இடப்பக்க ஓட்டம் என்பதால் கடல் இடது கைப் பக்கம் வரும். எதிர்வண்டியைக் குறுக்கே வெட்டாமல் எந்தத் திருப்பத்திலும் ஒதுங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அலை ஜன்னலோரத்தில். தலைசுற்றல் உள்ளவர்கள் லோர்ன் ஊருக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளவும். லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரை நேரான துண்டு அபூர்வம். பின்னால் வண்டி சேர்ந்தால் ஒதுங்கிடம் பார்த்து வழி விடுங்கள். பதறி வேகம் கூட்டுவதில்தான் விபத்து நடக்கிறது. கென்னட் ரிவரில் யூகலிப்டஸ் மரக் கவட்டையில் கோலா தூங்கும். பழம், ரொட்டி எதுவும் நீட்டாதீர்கள்.

அப்பல்லோ பேயில் ஸ்காலப் பை கட்டாயம்: மேலே மொறுமொறு மாவு, உள்ளே கறிமசாலா வாசத்தோடு ஸ்காலப் சிப்பி. மீன்கடைப் பலகையில் 'ஃபிளேக்' என்று இருந்தால் பெரும்பாலும் அது கம்மி ஷார்க், நம் சுறாதான். புட்டு செய்கிற அதே ஜாதியை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள்; முள் இல்லை, சதை இனிப்பு. சைவம் சாப்பிடுபவர்கள் உருளைக்கிழங்கு வறுவல் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பல கடைகளில் ஒரே சட்டிதான்.

இரண்டாம் இரவு அப்பல்லோ பேயில். மூன்றாம் நாள் கிளம்பும் முன் அங்கேயே பெட்ரோல் நிரப்புங்கள். சாலை கடலை விட்டு ஆட்வே காட்டுக்குள் ஏறுகிறது. செல்பேசிச் சிக்னல் அடிக்கடி போகும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். மெய்ட்ஸ் ரெஸ்டில் பெரும்பெரணிகளுக்கு நடுவே அரை மணி நடை.

அப்போஸ்தலர் பாறைகள் ஒருபோதும் பன்னிரண்டு இருந்ததில்லை. 2005இல் ஒன்று நொறுங்கி விழுந்தது. மதியம் பேருந்துக் கூட்டம் நெரியும். அதனால் போர்ட் கேம்பெலில் அறை எடுத்து, அந்தி ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை என இருமுறை வாருங்கள். மாலையில் சூரியன் பாறைகளுக்குப் பின்னால் இறங்குவதால் கருநிழல்தான் கிடைக்கும். சுண்ணாம்புக் கல்லின் மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் காலை வெளிச்சம். இருட்டியபின் கீழே கரையேறும் குட்டிப் பென்குயின்களுக்காக மாலையில் கொஞ்சம் காத்திருக்கலாம். கடற்கரைக்கு இறங்கும் கிப்சன் படிகள் 86. அலை உயர்ந்தால் மூடிவிடுவார்கள்.

நேரம் குறைந்தால் மற்றதை விடுங்கள், லாக் ஆர்ட் பள்ளத்தை விடாதீர்கள். 1878இல் அந்தப் பெயருள்ள கப்பல் உடைந்து 54 பேரில் இருவர்தான் பிழைத்தனர். அவர்கள் கரையேறிய குறுகிய மணல்திட்டிலேயே இறங்கி நிற்கலாம். லண்டன் பிரிட்ஜ் பாறையின் கரைப்பக்க வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது அந்தப்பக்கம் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர் மீட்டது. வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இப்பாலேயே நில்லுங்கள்.

திரும்பும் நாளில் உள்நாட்டுக்குள் டிம்பூன்: பழைய ரயில் சரக்குக் கொட்டகையில் விஸ்கி வடிக்கிறார்கள், ஊரிலேயே செய்த ஐஸ்கிரீமும் கிடைக்கும். ஓட்டுபவருக்கு ஐஸ்கிரீம். பிறகு கோலாக் வழியாக மெல்பர்ன் சுமார் மூன்று மணி நேரம். அந்தியில் கங்காரு சாலைக்குள் பாயும். மதியம் இரண்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.