டேட்டா சஃபிஷியன்ஸிக்கு மட்டும் ஆறு வார வகுப்பு: சேரலாமா?

எம்பிஏ சேர்வதற்கான ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்றதும் எல்லாரும் கேட்டது இங்கிலீஷைப் பற்றித்தான். எனக்கு உதைத்தது, கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்ஸி, அதிலும் மாடுலஸும் (குறியை விட்டுவிட்டு எண்ணின் அளவை மட்டும் எடுப்பது, | | என்று கோடு போட்டு எழுதுவோம்) பிளஸ் மைனஸும் சேர்ந்து வரும் கணக்குகள். இன்ஜினியரிங் படித்தவள், ஈக்குவேஷன் போட்டு எண்ணைக் கொண்டுவந்துவிடுவேன், ஆனால் கடைசியில் டிக் பண்ணுவது தப்பாகவே இருக்கும். அதற்காகவே சென்னையில் ஒரு மாடி அறையில் ஞாயிறு காலை நடக்கும் ஆறு வார வகுப்பில் சேர்ந்தேன். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

இந்த வகைக் கேள்வியில் கேள்விக்குக் கீழே இரண்டு தகவல் இருக்கும். முதலாவது மட்டும் போதுமென்றால் ஏ, இரண்டாவது மட்டும் போதுமென்றால் பி, சேர்ந்தால்தான் போதுமென்றால் சி, தனித்தனியாகவே போதுமென்றால் டி, சேர்த்தாலும் போதாது என்றால் இ. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் இது குவான்ட் என்ற கணக்குப் பகுதியை விட்டு டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதிக்குப் போய்விட்டது, அங்கே 45 நிமிடத்துக்கு 20 கேள்வி. திரையில் கால்குலேட்டர் தருகிறார்கள், ஆனால் ஓர் எண் பிளஸா மைனஸா என்ற குழப்பத்தை அது தீர்க்காது.

முதல் நாளே சார் ஒரு கணக்கு கொடுத்தார். தெரியாத எண் க. க பூஜ்ஜியத்தைவிடப் பெரியதா? தகவல் ஒன்று: |க − 4| = 3க. தகவல் இரண்டு: க-வின் வர்க்கம் = |க|. நான் கடகடவென்று போட்டேன். ஒன்றிலிருந்து −2, 1 என்று இரண்டு விடை, ஒன்று மைனஸ் ஒன்று பிளஸ், அதனால் போதாது. இரண்டிலிருந்து −1, 0, 1, அதுவும் போதாது. சேர்த்துப் பார்த்தால் பொதுவாக இருப்பது 1 மட்டும், ஆக சி என்று எழுதிவிட்டேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் எழுதியிருந்தோம். சார் எதுவும் சொல்லாமல் −2-ஐ முதல் தகவலில் திருப்பிப் போட்டுக் காட்டினார்: இடது பக்கம் 6, வலது பக்கம் −6. மாடுலஸ் எப்படி மைனஸ் ஆகும்? −2 கழன்றுவிட்டது, 1 மட்டும்தான் மிச்சம். முதல் தகவலே போதும், விடை ஏ. வந்த எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்க்காத ஒரே காரணத்தால் சி-யில் போய் விழுந்திருக்கிறேன், இத்தனை மாதமும் இதே தப்புதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த வகுப்புக்குக் கொடுத்த 9,000 ரூபாய் எதற்கென்றால், சார் கேள்வியைப் படிக்க வைக்கும் விதத்துக்குத்தான். "விடை கேக்கலம்மா, விடை கிடைக்குமான்னுதான் கேக்கறாங்க" என்பார். 'இல்லை' என்று உறுதியாகத் தெரிந்தாலும் அது போதுமான தகவல்தான், இதைப் பழகவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. எந்தக் கணக்கானாலும் முதலில் கரும்பலகையில் எண்கோடு போட்டு −2, −½, 0, ½, 2 என்று ஐந்து புள்ளி வைத்துவிடுவார், அப்புறம்தான் பேச்சே. க-வையும் ம-வையும் பெருக்கினால் பிளஸ் வருமா என்று கேட்டு |க + ம| = |க| + |ம| என்று ஒரு தகவல் கொடுத்தால், ரெண்டும் ஒரே குறிதானே, போதும் என்று கை துறுதுறுக்கும். எண்கோட்டில் நடுப்புள்ளியைப் பார்த்தால் நின்றுவிடுவோம்: க பூஜ்ஜியமாக இருந்தாலும் அந்தச் சமன்பாடு சரிதான், பெருக்கினால் வருவது பூஜ்ஜியம், அதனால் போதாது. குறி தெரியாத எண்ணால் சமனின்மையை (பெரியது, சிறியது என்று வரும் கணக்கை) பெருக்காதே, வகுக்காதே என்பதையும் புள்ளி வைத்தே காட்டினார். க-வை ம-வால் வகுத்தால் 1-ஐவிட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ம-வால் பெருக்கி க-தான் பெரியது என்று சொல்லத் தோன்றும். க 3, ம 2 என்றால் க பெரியது, −3, −2 என்றால் ம பெரியது.

குறை என்று பார்த்தால், அல்ஜிப்ராவிலேயே ஐந்து வாரம் போய்விடுகிறது. இப்போதைய டேட்டா சஃபிஷியன்ஸியில் கணக்கே இல்லாத, வெறும் தகவலை வைத்து யோசிக்க வேண்டிய கேள்விகளும் உண்டு, அவற்றுக்குக் கடைசி ஞாயிறு ஒன்றுதான், அதுவும் அவசர அவசரமாக. நேரம் வைத்துப் போடும் பயிற்சியும் குறைவு. சார் ஒரு கணக்கில் இருபது நிமிடம் நிற்பார், புரிவதற்கு அது நல்லது, ஆனால் பரீட்சையில் சராசரியாக இரண்டே கால் நிமிடம்தான், அந்த வேகத்தை வீட்டில் நானேதான் பழகிக்கொண்டேன். அடிப்படையே ஆட்டம் காண்கிறவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். ஏற்கெனவே பத்துக்கு எட்டு சரியாகப் போடுகிறவர்கள் பணத்தை மாக் டெஸ்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தாள்கள் எல்லாம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். மாடுலஸ் கோடும் 1-ம் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது, மூன்றாவது தாளில் |க − 4| எனக்கு 1க − 41 என்று தெரிந்து அரை மணி நேரம் போனது. கேட்டால் கையால் எழுதிய மூலத்தைக் காட்டுகிறார்கள், முதல் வாரமே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.