பி.ஆர்.பி. ஊசியா, மினொக்சிடிலா? வன்னியில் இருந்து பார்த்த கணக்கு

உச்சியில் முடி மெலிந்து தோல் தெரியத் தொடங்கியபோது எனக்கு வயது 34. கிளிநொச்சியில் பலரையும்போல நானும் முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் குறை சொன்னேன். உவர்நீர் முடியைச் சொரசொரப்பாக்கும், அவ்வளவுதான். நெற்றியின் இரு பக்கமும் உச்சியும் மட்டும் வெறுமையாவது பரம்பரையும் டி.எச்.டி. என்ற ஹோர்மோனும் சேர்ந்து செய்வது. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

முதலில் பி.ஆர்.பி. செய்தேன்; சொந்த இரத்தத்தின் ஒரு பகுதியையே முடி வளரத் தலைத்தோலில் ஊசியால் ஏற்றும் முறை அது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினார்கள். குழாய் வெளியே வந்தபோது அடியில் கருஞ்சிவப்பு, மேலே நல்லெண்ணெய் நிறத்தில் பிளாஸ்மா என்ற திரவப் பகுதி. அதில் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியை உறிஞ்சி, தலைத்தோலில் அடுத்தடுத்துக் குத்தி ஏற்றுகிறார்கள். நெற்றியோரத்தில் குத்தும்போது கண் கலங்கிவிடும். சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயம் குறைவு. தினமும் எதையும் பூச வேண்டியதுமில்லை.

மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. உட்கொண்டவர்களுக்கு உடலில் முடி வளர்ந்ததைக் கண்டுதான் தலைக்குப் பூசும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. பி.ஆர்.பி.க்கும் நல்ல பலன் காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் சுழற்றும் முறையும் ஊசிகளின் இடைவெளியும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

என்னைத் தீர்மானிக்க வைத்தது தொடர் பராமரிப்பு. இரண்டுமே மூல காரணத்தை அகற்றுவதில்லை. விட்டால் முடி மீண்டும் மெலியும். பி.ஆர்.பி.யை மாதம் ஒன்றாக மூன்று தடவை செய்து, பிறகு ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தடவை தொடர வேண்டும் என்றார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஏ-9 வீதியில் இரவு பஸ், விடியற்காலை கொழும்பு வெள்ளவத்தை, ஊசி, மறுபடி இரவு பஸ், இரண்டு நாள் லீவு. மூன்றாவது தடவை பெரும்போக அறுவடையோடு மோதியது. நெல்லை வயலில் விட்டுவிட்டுத் தலைமுடிக்காகக் கொழும்புக்குப் போக மனம் வரவில்லை. ஆறு வாரம் பிந்தித்தான் போனேன். அடுத்த தவணைக்குப் போகவே முடியவில்லை. நிரம்பத் தொடங்கிய உச்சி மறுபடி வெறுமையானது.

மினொக்சிடிலை இங்கேயே பார்மசியில் வாங்கலாம். ஒரு தடவை ஊசிக்குக் கொடுத்த பணத்தில் பல மாதம் ஓடுகிறது. 5 வீதக் கரைசல், காலையும் இரவும் ஒரு மில்லிலீற்றர், உலர்ந்த தலைத்தோலில். முதல் ஆறு வாரம் தலையணை முழுக்க முடி. அந்த நேரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், பழைய முடி விழுந்துதான் புதியது முளைக்கிறது. ஐந்தாம் மாதம் உச்சியில் பூனைமயிர் போலக் கண்டேன். நம் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்த்தால் அரிக்கும். அதனால் காலை மருந்தை ஐந்தரைக்கே பூசிக் காயவிடுகிறேன்.

மூன்று ஊசியோடு நின்றவன் நான். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்களின் பலனை என்னால் அளக்க முடியாது. கொழும்பில் இருப்பவருக்கு என் பஸ் கணக்குப் பொருந்தாது.

பெண்களுக்கு விடயமே வேறாக இருக்கலாம். டெங்கு வந்து மூன்று மாதத்தில் என் தங்கைக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "அண்ணா, உங்கட மருந்தைத் தாங்கோ" என்றாள். கொடுக்கவில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அதைத் தொடக் கூடாது; அவள் கைக்குழந்தைக்காரி. இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பரிசோதித்தோம், இரண்டும் சரி. காய்ச்சலுக்குப் பிந்திய உதிர்வு என்றார் மருத்துவர். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை; ஆறேழு மாதத்தில் பின்னல் பழைய தடிப்புக்கு வந்துவிட்டது.