பூனைக்கு மாத்திரை: கையாலா, உணவிலா, திரவமாகவா?

மாத்திரையை ஏற்க மறுக்கும் பூனைக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் எது எளிது என்று கேட்பதைவிட, மருந்து எத்தனை நாளுக்கு என்று முதலில் கேட்பதே பயன் தரும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் ஆன்டிபயாட்டிக்குக்குப் பொருந்துகிற வழி, ஆயுள் முழுவதும் நாள்தோறும் இருவேளை கொடுக்க வேண்டிய தைராய்டு மாத்திரைக்குப் பொருந்தாமல் போகலாம். முன்னதில் மருந்து முழு அளவில் வயிற்றைச் சேர்ந்தால் போதும். பின்னதிலோ, அதோடு கூட, மறுநாள் காலையிலும் அந்தப் பூனை நம்மைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு அளவுகோல்களையும் வைத்தே இங்கு வழிகள் ஒப்பிடப்படுகின்றன.

பூனை மறுப்பதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. இனிப்பை உணர்வதற்கு வேண்டிய மரபணுக்களுள் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பூனைக்கு இனிப்பு என்ற சுவையே தெரியாது. கசப்போ நன்றாகத் தெரியும். தேன் தடவிக் கொடுப்பது, சர்க்கரைப் பாகில் கரைத்துக் கொடுப்பது போன்ற, மனிதக் குழந்தைகளிடம் பலிக்கிற உத்திகள் இங்கே பலிக்காததற்கு இதுவே அடிப்படை. மெட்ரோனிடசோல் போன்ற கடுங்கசப்பு மருந்து நாக்கில் பட்டதும் பூனை வாயில் நுரை தள்ளும், தலையை உதறும், எச்சில் ஒழுக அறை முழுவதும் ஓடும். பார்ப்பவருக்கு நஞ்சு ஏறிவிட்டதோ என்று அச்சமாக இருந்தாலும், பெரும்பாலும் அது கசப்பைக் கழுவித் தள்ள உமிழ்நீர் பெருகுவதே. வாயைச் சற்று நனைத்துவிட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

பலர் முதலில் நாடுவது, மாத்திரையைப் பொடித்து உணவில் கலப்பது. என் மதிப்பீட்டில் இது வரிசையின் கடைசியில் வைக்க வேண்டிய வழி. முழு மாத்திரையாக இருக்கும்போது மேற்பூச்சுக்குள் அடங்கியிருக்கிற கசப்பு, பொடித்ததும் உணவு முழுவதும் பரவிவிடுகிறது. பூனை பாதிக் கிண்ணத்தோடு விலகிப் போனால், உள்ளே சென்ற மருந்து எவ்வளவு என்பதை ஒருவராலும் சொல்ல முடியாது. வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், மீதியை உண்பது அவற்றுள் ஒன்றாகவும் இருக்கும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளையும், குடலில் கரையும்படி பூச்சிட்டவற்றையும் பொடித்தால் அவற்றின் வேலைமுறையே கெட்டுவிடும். புற்றுநோய் மருந்துகளைப் பொடிப்பதோ, பொடிப்பவருக்கே கேடு. இவை எல்லாவற்றையும் விடக் கவலை தருவது உணவு வெறுப்பு. கசந்த உணவை ஒருமுறை சந்தித்த பூனை அதே உணவை மருந்தில்லாமல் வைத்தாலும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடக்கூடும். சிறுநீரக நோய்க்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவை ஒரு பூனை இப்படி வெறுத்துவிட்டால், மருந்தால் கிடைத்த நன்மையை விட இழப்பு பெரிது. பூனைகள் சில நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாக முடியலாம். உடல் பருத்த பூனைகளுக்கு இது இன்னும் விரைவில் நேரும்.

இதோடு சேர்த்து எண்ணப்பட்டாலும், முழு மாத்திரையை ஒரு சிறு உருண்டை உணவுக்குள் பொதித்துக் கொடுப்பது வேறு வகை வழி. சண்டையே இல்லாமல் முடிவது இது ஒன்றுதான். இதற்கென்றே நடுவில் குழியுள்ள மென்மையான தின்பண்டங்கள் விற்கப்படுகின்றன. அவை இல்லையென்றாலும், பிசையத்தக்க எந்த ஈர உணவும் உதவும். வெற்றி தோல்வி இங்கே சிறு விவரங்களில் இருக்கிறது. மாத்திரையைத் தொட்ட விரல்களாலேயே உருண்டையை மூடினால் வாசனை வெளியே ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு கையால் மாத்திரையை வைத்து மறு கையால் மூட வேண்டும். முதலில் மருந்தில்லாத உருண்டை ஒன்று, அடுத்தது மருந்துள்ளது, அதை விழுங்குவதற்குள்ளேயே மூக்கருகில் மூன்றாவது என்று அடுத்தடுத்துக் காட்டினால், மென்று ஆராய்வதற்குப் பூனைக்கு நேரம் இருக்காது. மருந்து தொடங்குவதற்குச் சில நாள் முன்பே வெற்று உருண்டைகளைப் பழக்கிவிடுவது, நீண்ட நாள் சிகிச்சை பெறப்போகும் பூனைகளுக்கு மிகவும் உதவும்.

ஆனால் பசியில்லாத பூனையிடம் இந்த வழி செல்லாது, நோயுற்ற பூனைக்கோ பெரும்பாலும் பசி இருப்பதில்லை. வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கும், ஒவ்வாமைக்காக உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் பூனைகளுக்கும் இது ஆகாது. எதில் பொதிக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். பாலாடைக்கட்டியில் வைத்துக் கொடுப்பது பரவலான பழக்கம் என்றாலும், பாலிலுள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். நமக்காகச் சமைத்த இறைச்சியில் வெங்காயமோ பூண்டோ சேர்ந்திருந்தால், அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அடுத்தது, பலரும் அஞ்சுகிற நேர்வழி: கையால் வாயைத் திறந்து மாத்திரையை உள்ளே இடுவது. இதன் மேன்மை உறுதி. சரியாகச் செய்தால் அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும், மருந்து முழுதும் உள்ளே போனது கண்கூடாகத் தெரியும், பூனையின் பசியை நம்பியிருக்க வேண்டியதில்லை. பூனையின் பின்புறம் நம் உடலில் சாய்ந்திருக்குமாறு அமர்த்தி, தேவையானால் துண்டால் தளர்வாகச் சுற்றி, மேலிருந்து கன்ன எலும்புகளைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து மூக்கு மேல்நோக்குமாறு தலையைச் சாய்த்தால், கீழ்த்தாடை தானே சற்றுத் தளரும். மறு கையின் நடுவிரலால் கீழ் முன்பற்களை அழுத்தி வாயைத் திறந்து, நாக்கின் நடுக்கோட்டில், எட்டக்கூடிய பின்புறத்தில் மாத்திரையை விட வேண்டும். ஓரத்தில் விழுந்தால் கடித்துவிடும், முன்னே விழுந்தால் துப்பிவிடும். வாயை மூடித் தலையை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்ததும் பூனை மூக்கை நக்கினால், பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று பொருள். பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி அடக்கும் பழைய முறையை இப்போதைய பூனை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. அது பூனையை அமைதிப்படுத்துவதில்லை, அச்சத்தால் உறைய வைக்கிறது. அடுத்த வேளைக்கு அந்தப் பூனையைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

இந்த வழியில் பலரும் தவறவிடும் பகுதி, மாத்திரை வாயைக் கடந்த பிறகு நடப்பது. வாயிலிருந்து மறைந்த மாத்திரை வயிற்றுக்குத்தான் போயிருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 2001ஆம் ஆண்டு 30 பூனைகளை வைத்து வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. தண்ணீர் இல்லாமல் விழுங்க வைத்த மாத்திரைகளில் பெரும்பாலானவை ஐந்து நிமிடம் கழித்தும் உணவுக்குழாயிலேயே தங்கியிருந்தன. பின்னாலேயே ஆறு மில்லிலிட்டர் தண்ணீர் கொடுத்தபோதோ எல்லா மாத்திரைகளும் ஒன்றரை நிமிடத்திற்குள் வயிற்றைச் சேர்ந்துவிட்டன. கேப்சூல்களும் இப்படியே, உலர்ந்த நிலையில் இன்னும் அதிகமாகத் தங்குபவை. டாக்ஸிசைக்ளின், கிளிண்டமைசின் போன்ற மருந்துகள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் உணவுக்குழாயின் சுவரை அரித்துப் புண்ணாக்கும். அந்தப் புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழாயே குறுகிவிட்டால், பூனை விழுங்க முடியாமல் உண்டதையெல்லாம் கக்கத் தொடங்கும். எனவே மாத்திரையைத் தொடர்ந்து சிரிஞ்சில் சிறிது சிறிதாகத் தண்ணீரோ, உண்கிற பூனையானால் ஒரு வாய் ஈர உணவோ கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே. மாத்திரையின் மேல் லேசாக வெண்ணெய் தடவுவது விழுங்குவதை எளிதாக்கும். ஆனால் டாக்ஸிசைக்ளின் போன்றவற்றுக்கு அதை மட்டும் நம்பித் தண்ணீரைத் தவிர்த்துவிடக் கூடாது.

பில் கன் என்று விற்கப்படும் மாத்திரை செலுத்தி, கையால் கொடுப்பதன் நீட்சிதான்; தனி வழி என்று கொள்ள வேண்டியதில்லை. நுனியில் மென்ரப்பர் பொருத்திய மெல்லிய குழாயில் மாத்திரையைச் செருகி நாக்கின் பின்புறத்தில் விடுவதால், நம் விரல் பற்களுக்கிடையே போகாது. பூனைக்கடி மேலே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகக் கிருமியைச் செலுத்திவிடும். உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி மருத்துவரிடம் போக வேண்டிய காயம் அது. ஆகவே, கடிக்கும் பூனைக்கு இந்தக் கருவி நன்று. ஆயினும் அவசரத்தில் இடித்தால் மேலண்ணத்தையோ தொண்டையையோ காயப்படுத்தும். ஒரே வேளையில் பல மாத்திரைகள் கொடுக்க வேண்டியிருந்தால், அவற்றை ஒரு வெற்று ஜெலட்டின் கேப்சூலுக்குள் அடக்கி ஒரே முறையில் முடித்துவிடலாம். கசப்பும் நாக்கில் படாது. எந்த மருந்துகளை ஒன்றாக அடைக்கலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரவ மருந்து பலருக்கும் எளிதாகத் தோன்றும், உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும் இடரும் அதில் இல்லை. சிரிஞ்சின் நுனியைக் கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, அரை அரை மில்லிலிட்டராக, விழுங்க இடம் கொடுத்துச் செலுத்த வேண்டும். மாத்திரைக்குத் தலையை மேலே சாய்ப்பது போல இங்கே சாய்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கசப்பை வைத்துப் பார்த்தால் திரவமே அதிகம் துன்புறுத்துவது, ஏனெனில் அது நாக்கு முழுவதும் படர்கிறது. மாத்திரையை ஏற்காத பூனை திரவத்தை ஏற்கும் என்பது பாதி உண்மைதான்: மீன் அல்லது கோழி மணமூட்டித் தயாரித்த, அளவு குறைந்த திரவத்தை ஏற்கும், நான்கைந்து மில்லிலிட்டர் கசப்பு நீரை ஏற்காது. மருந்தின் ஆயுளும் ஒரு சிக்கல். டாக்ஸிசைக்ளின் மாத்திரையைக் கரைத்து மருந்தகத்தில் தயாரித்துத் தரும் திரவம் ஏழு நாளுக்குப் பின் வீரியத்தை இழக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பின் கொடுப்பது ஏறத்தாழ வண்ண நீரைக் கொடுப்பதுதான்.

வாயையே தொடாத வழிகளும் உண்டு, ஆனால் அவை எல்லா மருந்துக்கும் திறந்த கதவல்ல. தைராய்டு மிகைக்கான மெதிமசோலைக் காதுமடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாகத் தயாரிக்க முடியும். மாத்திரையால் வரும் வாந்தி இதில் குறைவு. பலன் தெரிய மாத்திரையை விடச் சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கும், இரத்தப் பரிசோதனையால் அளவைச் சரிபார்க்கவும் வேண்டும். தடவுகிறவர் கையுறை அணிய வேண்டும், காதுகளை மாற்றி மாற்றித் தடவ வேண்டும், பழைய படிவைத் துடைத்துவிட வேண்டும். எடை குறைந்த பூனைகளுக்கான, பசியைத் தூண்டும் மிர்ட்டாசபின் காதுக் களிம்புக்கு 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. இவற்றைக் கண்டு எந்த மாத்திரையையும் களிம்பாக்கலாம் என்று நினைப்பது தவறு; பல மருந்துகள் தோலைத் தாண்டி இரத்தத்தில் சேர்வதே இல்லை, ஆன்டிபயாட்டிக்குகள் குறிப்பாக. அவற்றுக்கு மாற்று ஊசிதான். செஃபோவெசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசியை ஒருமுறை போட்டால் அதன் வேலை 14 நாள் வரை நீடிக்கும். மாத்திரைப் போராட்டத்திலிருந்து முழு விடுதலை தருகிற வழி இது. ஆனாலும் ஒவ்வாமை வந்தால் திரும்ப எடுக்க முடியாது, எல்லாத் தொற்றுக்கும் அது ஏற்றதுமன்று. வசதிக்காக மட்டும் இதைக் கேட்பதை விட, தொடவே விடாத பூனைக்காக இதை ஒதுக்கி வைப்பதே முறை என்பது என் கருத்து. குடற்புழு நீக்கத்திற்கோ கழுத்தின் பின்புறத் தோலில் விடும் சொட்டு மருந்து இருக்கும்போது மாத்திரையோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை.

ஆக, சில நாள் மருந்து, பசியில்லாத பூனை என்றால் கையால் கொடுத்துத் தண்ணீரோடு முடிப்பதே நேரான வழி. நன்றாக உண்ணும், நீண்ட காலம் மருந்து வேண்டிய பூனைக்கு உருண்டைப் பழக்கமே முதலில் முயலத்தக்கது. அது தோற்றால் களிம்போ மணமூட்டிய திரவமோ கிடைக்குமா என்று கேட்கலாம். எந்த வழியிலும், கொடுத்த சிறிது நேரத்தில் பூனை வாந்தி எடுத்தால், வெளியே வந்ததில் மாத்திரை முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். தாமாகவே இரண்டாம் மாத்திரையைக் கொடுப்பது சில மருந்துகளில் இரட்டை அளவாகிவிடும். சிகிச்சையின் பாதியில் போராட்டம் கைமீறிப் போனால், மருந்தை நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு இருவேளை என்பதை ஒருவேளையாக்கும் மாற்று மருந்து பலமுறை அவரிடம் இருக்கும்; கேட்காதவருக்கு அது எழுதிக் கொடுக்கப்படுவதில்லை.