மெம்வார் 44: ஒன்பது ஆண்டுகள் ஆடிய பிறகு

இந்தப் பலகை ஆட்டத்தின் பெட்டி என் வீட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூலைகள் கிழிந்து இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது. ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமையோடு 212 கோடுகள். பிரித்த வாரத்திலேயே எழுதும் மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன. சீட்டுகளின் ஓரம் வெளுத்த பிறகும் ஓர் ஆட்டம் தாக்குப்பிடிக்கிறதா என்று எழுதுபவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெம்வார் 44, இரண்டாம் உலகப் போரை வைத்து இரண்டு பேர் ஆடும் போர் ஆட்டம். ரிச்சர்ட் போர்க் வடிவமைத்தது. பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியதன் 60-ஆவது ஆண்டான 2004-இல் வெளிவந்தது. அறுகோணக் கட்டங்கள் போட்ட பலகையின் ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் வயல்வெளி. பச்சையும் சாம்பலுமாக 144 பிளாஸ்டிக் உருவங்கள். காலாட்படைப் பிரிவு என்றால் நான்கு சிப்பாய்கள், கவசப்படை என்றால் மூன்று டாங்கிகள், பீரங்கிப்படை என்றால் இரண்டு பீரங்கிகள். காடு, குன்று, ஊர் எல்லாம் தனித்தனி அட்டைகளாக இருக்கின்றன. எந்தச் சண்டையை ஆடுகிறோமோ அதற்கேற்பப் பலகையில் பரப்பிக்கொள்ள வேண்டும்.

உருவங்கள் கண்ணைக் கவரும். ஆனால் ஒன்பது ஆண்டுகளாக என்னை இழுத்துப் பிடித்திருப்பது கையில் இருக்கும் சீட்டுகள்தான். களம் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 60 ஆணைச்சீட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த மூன்றில் ஏதாவது ஒரு பகுதிக்கு உரியவை. முறைக்கு ஒரு சீட்டு இறக்கலாம். அது சொல்லும் பகுதியில், அது சொல்லும் எண்ணிக்கைப் பிரிவுகளை மட்டுமே நகர்த்தலாம். எதிரி வலப்பக்கம் புகுந்துவிட்டான், என் டாங்கிகள் அங்கே சும்மா நிற்கின்றன, கையிலோ இடப்பக்கச் சீட்டுகளாகவே இருக்கின்றன என்ற நிலை வந்தால் வயிறு கலங்கும். ஆணை போய்ச் சேராத படைத் தலைவனின் தவிப்பை இவ்வளவு எளிய விதியால் உணர்த்தும் வேறோர் ஆட்டத்தை நான் ஆடியதில்லை.

என் மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை. அவர் சதுரங்கக்காரர். நன்றாக நகர்த்தியும் பகடையால் தோற்றால் அதை ஆட்டமாகவே ஏற்கமாட்டார். முதல் ஆண்டிலேயே விலகிக்கொண்டார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பகடையின் ஆறு முகங்களில் இரண்டு சிப்பாய், ஒன்று டாங்கி, ஒன்று எறிகுண்டு, ஒன்று கொடி, ஒன்று நட்சத்திரம். எறிகுண்டு விழுந்தால் எதற்கும் அடி உண்டு. ஆகவே ஒரு பகடைக்குக் காலாட்படை அடிபடும் வாய்ப்பு சரிபாதி, டாங்கிக்கு மூன்றில் ஒன்று, பீரங்கிக்கு ஆறில் ஒன்று. மூன்று பகடையும் கொடியாகவே விழுந்து, ஒரு காயும் சாகாமல் எதிரி மூன்று கட்டம் பின்வாங்குவதும் நடக்கும். ஐம்பது ஆட்டங்கள் வரை நானும் பகடையைத்தான் நொந்துகொண்டேன். பிறகு கவனித்துப் பார்த்தால், தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் என் கையில் ஒரே பகுதியின் சீட்டுகள் குவிந்து கிடந்தன. இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சீட்டையாவது காப்பாற்றி வைக்கிறேன். ஒரே ஒரு பிரிவை நகர்த்தும் வேவுச் சீட்டை முன்பெல்லாம் வீண் என்று ஒதுக்குவேன். அதை இறக்கினால் இரண்டு சீட்டு எடுத்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதன் அருமை தெரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பெகாசஸ் பாலம்தான் முதல் சண்டை. 1944 ஜூன் 6 நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், பிரிட்டிஷ் மேஜர் ஜான் ஹோவர்டின் வீரர்கள் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களில் இறங்கிப் பாலத்தைப் பிடித்த கதை. இதில் நேச நாட்டுப் பக்கத்துக்கு ஆறு சீட்டுகள். ஜெர்மானியப் பக்கம் தொடங்குவதோ வெறும் இரண்டு சீட்டுகளோடு. தூக்கத்திலிருந்து எழுந்த காவற்படை என்பதைச் சொல்ல அவ்வளவே போதும்; தனி விதி எதுவும் வேண்டாம். முதன்முதலில் அந்த இரண்டு சீட்டுகளைக் கையில் பிடித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

இரு பக்கமும் சமமில்லாத சண்டைகள் பல. அதனால் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி, எதிரிப் பிரிவை அழித்தால் கிடைக்கும் பதக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதே முறை. திண்ணையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, 3 புலியும் 15 ஆடுமாக ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. என் அம்மா ஒரே ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் ஆட்டை எனக்குக் கொடு என்றார். அவர் கேட்டது ஜெர்மானியப் பக்கத்தை.

சென்னையில் இதைப் பாதுகாப்பது தனி வேலை. கூரியரில் வரும்போதே பெட்டி நனைந்து பதக்க வில்லைகள் உப்பிப்போயின. அன்று மாற்றாக எடுத்த ஒரு ரூபாய் நாணயங்களையே இன்றுவரை பதக்கமாக வைத்து ஆடுகிறோம். சீட்டுகளுக்கு முதல் நாளே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். வியர்த்த விரல்களுக்கு வெறும் சீட்டு ஓராண்டுகூடத் தாங்காது. சிப்பாய்களின் துப்பாக்கிகள் வளைந்துவிட்டால் வெந்நீரில் சில நொடிகள் முக்கி, விரலால் நேராக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நிற்கும். காடும் குன்றும் கலந்து கிடந்தால் பரப்புவதற்கே அரை மணி நேரம் போய்விடும். ஹார்டுவேர் கடையில் திருகாணி போட்டு வைக்க விற்கும் அறைகள் வைத்த பெட்டி ஒன்று வாங்கிய பிறகு அது பத்து நிமிடமாகக் குறைந்தது.

வண்ணம் தீட்டுவதிலும் பாடம் கற்றேன். ஒரு நவம்பரில், மழை விட்ட மாலையில், மொட்டைமாடியில் நின்று பிரைமர் ஸ்ப்ரே அடித்தேன். காற்றின் ஈரத்தில் பூச்சு சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, பன்னிரண்டு சிப்பாய்களின் முகங்கள் மறைந்தே போயின. அன்றிலிருந்து பிரைமரைத் தூரிகையால்தான் பூசுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் தொல்லை வேறு விதம்; அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். டிபன் பாக்ஸில் ஈரமான ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து வண்ணத்தைக் குழைத்தால் மறுநாள்வரை இளக்கமாக இருக்கிறது. 144 உருவங்களையும் முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

இடையில் வேறு ஆட்டங்களும் வந்தன. கட்டான் இன்றும் விருந்தினர்களுக்காக வெளியே வரும். பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியை வைத்து, அலுவலக நண்பர்கள் ஐவரோடு இரண்டு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் கதை நடத்தினேன். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அதை உருவாக்கியது போர் ஆட்டங்களிலிருந்துதான் என்பது, நடத்தும்போது நன்றாகவே புரியும். காப்ளினைக் குட்டிச்சாத்தான் என்று நான் சொன்ன கணத்திலிருந்து மேசையில் பேச்சு முழுவதும் தமிழுக்கு மாறியது. அந்தச் சனிக்கிழமைகளை மறக்கமாட்டேன். ஆனால் ஆறு பேரும் ஒரே நாளில் ஓய்வாக இருக்க வேண்டும். இருவர் பெங்களூருக்கு மாறினார்கள், கதை பாதியில் நின்றது. இரண்டு பேர் போதும் என்பதால்தான் மெம்வார் மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

கடந்த மூன்று ஆண்டுகளாக எதிரே உட்காருவது என் மகள். வாங்கியபோது ஆறு வயது, இப்போது பதினைந்து. ஒவ்வொரு சண்டைக்கும் முன்பு அதைப் பற்றி இருவரும் படித்துவிட்டுத்தான் உட்காருகிறோம். செத்தவர்கள் உண்மையான மனிதர்கள். அதை மறந்துவிட்டு அந்த டாங்கிகளைத் தொட எனக்கு மனம் வராது. நார்மண்டியின் ஓமாகா கடற்கரைச் சண்டையை ஆடி முடித்த இரவில்தான் அவள், நம் நாட்டில் இந்தப் போர் நடக்கவில்லையா என்று கேட்டாள்.

அப்படித்தான் நாகாலாந்தில் உள்ள கோஹிமாவில் நடந்த சண்டையை நாங்களே வடிவமைக்கத் தொடங்கினோம். 1944 ஏப்ரலில் ஜப்பானியரின் 31-ஆவது டிவிஷன், பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 2,500 பேர் இருந்த அந்த மலைமுகட்டைச் சூழ்ந்தது. அசாம் ரெஜிமென்டும் ராயல் வெஸ்ட் கென்ட் வீரர்களும், துணை ஆணையரின் பங்களா டென்னிஸ் மைதானத்துக்கு இப்பால் ஜப்பானியர் அப்பால் என்று, எறிகுண்டு வீசும் தொலைவில் பதுங்கிக் கிடந்தார்கள். குன்று அட்டைகள், மணல்மூட்டைகள், நடுவே வெறுமையாக ஒரே ஒரு கட்டம்: அதுதான் டென்னிஸ் மைதானம்.

முதல் வடிவத்தில் காவற்படை கால் மணி நேரத்தில் நொறுங்கியது. கூடுதல் பிரிவுகள் கொடுத்தோம். பிழைத்தது, ஆனால் முற்றுகையின் இறுக்கம் போய்விட்டது. பல வாரங்கள் அப்படியே கிடந்தது. வழி சொன்னது மகள்தான்: படையைக் கூட்டவேண்டாம், சீட்டைக் குறைக்கலாம். தண்ணீர் தட்டுப்பாட்டில் தவித்தவர்கள் அவர்கள். ஆகவே காவற்படை ஐந்து சீட்டுகளோடு தொடங்கும். ஒரு பிரிவை இழக்கும்தோறும் ஒரு சீட்டு குறையும், இரண்டுக்குக் கீழே போகாது. மீட்புப்படை வந்து சேரும் பன்னிரண்டாவது முறைவரை ஒரு பிரிவாவது முகட்டில் நின்றால் வெற்றி.

சென்ற ஞாயிறு போட்டது அந்த ஆட்டத்தின் கோடு. பத்தாவது முறையில் அவள் கையில் இரண்டே சீட்டுகள், இரண்டும் இடப்பக்கத்துக்கு உரியவை. நான் வலப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தேன். சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மணல்மூட்டைக்குப் பின்னால் மிச்சமிருந்த இரண்டு சிப்பாய்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது முறையில் ஒருவன் நின்றான்.