பழைய பொருள் விற்கும் தளங்கள்: மூன்றின் மதிப்பீடு

பயன்படுத்திய பொருள்களை வாங்கவும் விற்கவும் உதவும் தளங்களில் ஈபே, கிரெய்க்ஸ்லிஸ்ட், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகிய மூன்றை மட்டும், மோசடிக்கு எதிராக அவை என்ன செய்கின்றன என்ற கேள்வியை முன்வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

1995இல் தொடங்கிய ஈபே, முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் எப்படி நம்புவது என்ற சிக்கலுக்கு மறு ஆண்டே ஒரு வழி கண்டது. வியாபாரம் முடிந்ததும் இருவரும் மற்றவரைப் பற்றிக் கருத்து எழுதலாம். நியாயமாகத் தோன்றும் இம்முறையில் ஓர் ஓட்டை இருந்தது. வாங்கியவர் குறை எழுதினால் விற்றவரும் பதிலுக்குக் குறை எழுதிவிடுவார் என்ற அச்சத்தில் ஏமாந்தவர்கள் பலர் வாய்திறக்கவில்லை; ஆகவே பக்கம் நிறையப் பாராட்டு இருந்தும் அதை வைத்து எதையும் தீர்மானிப்பது கடினமாயிற்று. வாங்குபவர்மீது விற்பவர் எதிர்மறைக் கருத்து இட முடியாதபடி 2008இல் தளம் விதியை மாற்றியது. நேர்மையற்ற வாங்குநரிடமிருந்து தங்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போய்விட்டது என்று விற்பவர்கள் கொதித்ததிலும் நியாயம் உண்டு. நல்ல பொருளை வாங்கிக்கொண்டு, அதேபோன்ற பழுதான ஒன்றைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். இருந்தும் அந்த மாற்றம் சரியானதே என்பது என் கருத்து.

பொருள் வந்து சேரவில்லை என்றாலோ, விவரித்தபடி இல்லை என்றாலோ, 30 நாள்களுக்குள் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற ஈபேயில் வழி இருக்கிறது. வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மோசடிக்காரர்களும் இதன் மதிப்பை அறிந்தவர்கள். அதனால்தான் பேச்சை வேறு செயலிக்கும், பணத்தைத் தளத்துக்கு வெளியேயும் கொண்டுபோகப் பார்க்கிறார்கள்.

கிரெய்க்ஸ்லிஸ்ட் பணத்தைக் கையாள்வதில்லை, உத்தரவாதமும் தருவதில்லை. உள்ளூரிலேயே நேரில் பார்த்து வாங்குங்கள் என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

2016இல் வந்த மார்க்கெட்பிளேஸ்தான் மூன்றிலும் அதிகம் ஏமாற்றக்கூடியது. பெயர், படம், பல ஆண்டுப் பழைய கணக்கு எல்லாம் தெரிவதால் தெரிந்தவரிடம் வாங்குவதுபோன்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கே திருடப்பட்டதாக இருக்கலாம். நேரில் கைமாறும் பொருள்களுக்கு அதன் வாங்குநர் பாதுகாப்பும் பொருந்தாது. விற்பவருக்கோ வேறொரு தொல்லை. 'இது இன்னும் இருக்கிறதா?' என்ற கேள்வியைத் தளமே ஒரு பொத்தானில் வைத்திருப்பதால், உண்மையான வாங்குநரும் மோசடிக்காரரும் ஒரே வரியோடுதான் வருகிறார்கள். வித்தியாசம் அடுத்த வரியில்தான் தெரியும். பொருளைப் பற்றி எதுவுமே கேட்காமல், கூரியர்காரர் பணத்தோடு வருவார், இந்த இணைப்பில் அட்டை விவரத்தை நிரப்புங்கள் என்றோ, உங்கள் கைபேசிக்கு வந்த குறியீட்டைச் சொல்லுங்கள் என்றோ கேட்டால் அத்துடன் பேச்சை முடித்துவிடலாம்.

தொலைவிலிருந்து வரவழைப்பதற்கு ஈபேயையும், நேரில் வாங்குவதற்கு மற்ற இரண்டில் எதையும் பரிந்துரைப்பேன். கைபேசி வாங்குவதானால் மட்டும், பழைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து வெளியேறிப் பூட்டை நீக்கியதை உங்கள் கண்ணெதிரிலேயே உறுதிசெய்துகொண்டு, அதன்பின் பணத்தைக் கொடுங்கள்.